குங்குமப்பூச் சண்டைக்கு ஸ்பெயின் போனோம்

வளைகுடாவில், தேரா மசாலா சூக்கில், அதாவது சந்தையில், என் மச்சான் ஜமால் கடையில் இல்லாத சரக்கு கிடையாது. ஏலம், பட்டை, காய்ந்த எலுமிச்சை, ரோஜா மொட்டு எல்லாம் வாசலிலேயே சாக்கு சாக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். குங்குமப்பூ மட்டும் உள்ளே, கண்ணாடிப் பெட்டியில், அவர் கை எட்டும் தூரத்தில் இருக்கும். ஈரான் சரக்கு. அதை யாராவது குறை சொன்னால், பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி அவர் முகம் மாறிவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு ஸ்பானியப் பெரியவர் மனைவியோடு அந்தக் கடைக்குள் நுழைந்தார். பெயர் பாக்கோ. டூரிஸ்ட். பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஓர் இழையை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டினார். நம் ஆட்கள் அப்படி ஆட்டினால் நல்லாயிருக்கு என்று அர்த்தம். மச்சான் மகிழ்ந்துபோய் அவருக்கு ஏலக்காய் டீ வரவழைத்தார், நாற்காலி போட்டார், பேரீச்சம்பழம் வைத்தார். டீயைக் குடித்து முடித்த பாக்கோ செல்போனில் எதையோ பேசி, ஆங்கிலமாக மாற்றிக் காட்டினார். "இது சுமார்தான். என் தோட்டத்துப் பூ இதைவிட மேல்."

நான் அடுத்த சந்தில் டிராவல் பெட்டிகள் விற்பவன். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது, மச்சான் தமிழிலும் பாக்கோ ஸ்பானிய மொழியிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் எதிராளி சொல்வது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பதால் சண்டை நீண்டது. கடைசியில், "ஒன் ஊருக்கே வந்து நிரூபிக்கிறேன்" என்றார் மச்சான். செல்போன் அதை மாற்றிக் காட்ட, பாக்கோ தன் ஊர் இருக்கும் இடத்தை மேப்பில் அனுப்பி, அக்டோபர் கடைசியில் பூ எடுப்போம், வா என்றார். போகும்போது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாம் வாய்ச்சொல் என்றுதான் நினைத்தேன். அக்டோபர் பிறந்ததும் மச்சான் என் கடைக்கு வந்து, "மாப்ளே, கெளம்பு" என்றார்.

என் மனைவி பரீதா அவருடைய தங்கை. அவள் கேட்டாள்: "லீவு விட்டா கீழக்கரை. கீழக்கரைக்குப் போனா கல்யாணம், சுன்னத்து, வீட்டுக்குப் பெயின்ட். வேற ஒரு ஊரை நான் எப்பப் பாக்குறது?" இப்படியாக மூன்று பேர் ஆனோம்.

மாட்ரிட்டில் இறங்கி வாடகைக் கார் எடுத்ததும் தெற்கே திருப்பினேன். ஷேக் ஸாயித் சாலையில் தினம் வண்டி ஓட்டுகிற எனக்கு அந்தச் சாலை தூக்கத்தைக் கொடுத்தது. இரண்டு பக்கமும் செம்மண், திராட்சைச் செடி, ஆலிவ் மரம், மறுபடி செம்மண். ஒட்டகம் ஒன்றுதான் குறை என்றார் மச்சான்.

முதல் நிறுத்தம் கொன்சுவேக்ரா. மலை முதுகில் வெள்ளைக் காற்றாலைகள் வரிசையாக நின்றன, நடுவே ஒரு பழைய கோட்டை. காற்றாலை கட்டியவர்கள் இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். காரின் கதவைத் திறந்ததும் காற்று மச்சானின் வெள்ளைத் தொப்பியைப் பறித்துக்கொண்டது. தொப்பி ஒரு காற்றாலையைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, கோட்டைச் சுவரில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, சரிவில் இறங்கியது. பின்னாலேயே மச்சான். அவருக்குப் பின்னால் ஒரு ஜப்பானியக் கூட்டம் போட்டோ எடுத்தபடி போனது. அது உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பி முள்செடியில் சிக்கிக் கிடைத்தது. மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து, "காத்து நல்லாயிருக்கு" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். ஓட்டல்காரர் எங்களைக் கவலையோடு பார்த்தார். அந்த ஊரில் ஒன்பதுக்கு முன்னால் அடுப்பே பற்றவைக்க மாட்டார்களாம். பசியோடு காத்திருந்து, இறைச்சி வேண்டாம் என்று செல்போனில் எழுதிக் காட்டினோம். முட்டை வந்தது. முட்டைமேல் பன்றித் தொடையின் சீவல் விரித்திருந்தது. இறைச்சி வேண்டாம் என்றோமே என்று கேட்டதற்கு அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "இது இறைச்சி இல்லையே. இது ஹாமோன்" என்றார். பரீதா எழுந்து சமையலறைக்குள்ளேயே போய், முட்டையையும் உருளைக்கிழங்கையும் தொட்டுக் காட்டி, மற்ற எல்லாவற்றுக்கும் கையை விரித்து "மாஃபி" என்றாள். வளைகுடாவில் இல்லை என்று சொல்ல அதைவிடச் சிறந்த வார்த்தை கிடையாது. ஸ்பெயினிலும் அது செல்லுபடியானது.

மறுநாள் அல்மாக்ரோ. நீளமான சதுக்கம், இரண்டு பக்கமும் கல்தூண்கள், மேலே பச்சை வண்ணம் அடித்த மரச் சன்னல்கள் வரிசையாக. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. ஊரில் ஓர் ஈ கிடையாது. கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. பரீதாவுக்கு ஏமாற்றம். மச்சானுக்கோ மரியாதை வந்துவிட்டது. தேராவிலும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்தெழுந்து சாயந்திரம்தான் திறப்பார்கள். "நாகரிகம் தெரிஞ்ச ஊரு" என்று சொல்லி, சதுக்கத்து பெஞ்சில் காலை நீட்டித் தூங்கினார்.

சாயந்திரம் கடைகள் திறந்ததும் ஊறுகாய்க் கத்தரிக்காய் வாங்கினோம். இந்த ஊரின் பெருமையே அதுதான். பிஞ்சுக் கத்தரிக்காயை வினிகரிலும் பூண்டிலும் சீரகத்திலும் ஊறவைத்து, நடுவில் மிளகாய்த் துண்டைச் செருகியிருப்பார்கள். காம்பைப் பிடித்து அப்படியே வாய்க்குள் விட வேண்டும். பரீதா பத்திரமாகச் சாப்பிட்டாள். நான் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். மச்சான் தன் சட்டையிலும் என் சட்டையிலும் ஊற்றினார்.

அந்தக் கடையில்தான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆலிவ் காய்க்கு அராபியில் ஸைத்தூன் என்பார்கள். இங்கே கேட்டால் அசெய்த்தூனா. சர்க்கரை, சுக்கர், அசூகார். அரிசி, ருஸ், அர்ரோஸ். குங்குமப்பூ, ஸஃபரான், அஸஃப்ரான். பழைய காலத்தில் அராபியர் ஆண்ட மண், வார்த்தைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "இவங்க பேசுறது நம்ம பாஷைதான் மாப்ளே, முன்னாடி ஒரு அ போட்டுக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதிலிருந்து எல்லா வார்த்தைக்கும் முன்னால் அ போட்டார். பரிமாறிய பெண்ணிடம் 'அடீ' கேட்டார். அவள் தன் பெயர் அதுவல்ல என்றாள்.

மூன்றாம் நாள் ருயிதெரா ஏரிகளுக்குப் போனோம். காய்ந்த பூமியில் மணிக்கணக்காக ஓட்டி, ஒரு வளைவு திரும்பியதும் திடீரென்று பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குள் அருவியாக விழுகிறது, அது நிரம்பி அதற்கடுத்ததில். பரீதா கரையில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நிற்பது அபூர்வம். பிறகு, "துடுப்புப் படகு இருக்கு. போவோம்" என்றாள்.

தினம் அப்ராப் படகில் க்ரீக் உப்பங்கழியைக் கடக்கிறவன் நான், படகை என்னிடம் விடுங்கள் என்றார் மச்சான். அப்ராவில் அவர் செய்கிற வேலை பலகையில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என்பது நடு ஏரியில்தான் எங்களுக்கு உறைத்தது. அவர் வலது பக்கம் வலித்தார். நான் அவருக்கு எதிர்ப்பக்கம் வலிப்பதாக நினைத்து அவர் பக்கமே வலித்தேன். படகு அழகாக வட்டம் போட்டது. கரையில் ஒரு வயதான ஜோடி சான்ட்விச் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தது. காற்று அவர்கள் பேச்சை எங்களிடம் கொண்டுவர, பரீதா செல்போனை நீட்டிப் பிடித்தாள். திரையில் தமிழில் வந்தது: "அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது போல. தொந்தரவு செய்யாதே." முடிவில் பரீதா இரண்டு துடுப்புகளையும் பிடுங்கிக்கொண்டு எங்களைக் கரை சேர்த்தாள்.

நான்காம் நாள் பாக்கோவின் ஊர். மச்சான் அன்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். சட்டைப்பைக்குள் குங்குமப்பூ டப்பா. வழி முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உண்மையில் அவருக்குப் பயம் வந்துவிட்டது. "ஒருவேளை அவன் சரக்கு நல்லா இருந்துட்டா என்ன பண்றது மாப்ளே? சூக்கு பூரா சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். உண்மையிலேயே சொல்லியிருந்தார். ஏலக்காய்க் கடை, அத்தர் கடை, அப்ரா ஓட்டும் வங்காளத்து பாய் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தோற்றுப்போய்த் திரும்பினால் அவர் க்ரீக்கை நீந்தித்தான் கடக்க வேண்டும்.

ஊர் சின்னது. மண் நிறத்து வீடுகள், ஒரு தேவாலயக் கோபுரம், கோபுரத்தின்மேல் நாரைக் கூடு. மேப் எங்களை ஒரு சந்துக்குள் திரும்பச் சொன்னது. திரும்பினேன். சந்து குறுகியது. இன்னும் போகச் சொன்னது. போனேன். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினேன். பிறகு கார் ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு சுவருக்கும் நடுவே அமர்ந்துவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கதவைத் திறக்க இடமில்லை.

பரீதா பக்கத்துச் சன்னல், ஒரு வீட்டுச் சமையலறைச் சன்னலுக்கு நேராக நின்றது. உள்ளே ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தன் சன்னலை நிறைத்து நிற்கும் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீவுவதை நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் பிஸ்கட் எடுத்து நீட்டினார். நாங்கள் வாங்கித் தின்றோம். வேறு என்ன செய்வது. காபியும் வந்தது.

அதற்குள் சந்தின் இரண்டு முனையிலும் ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். முன்பக்கக் கூட்டம் பின்னால் எடு என்றது. பின்பக்கக் கூட்டம் முன்னால் போ என்றது. பிறகு இரண்டு கூட்டமும் காரின் தலைக்கு மேலாக ஒன்றோடொன்று சண்டை போட்டன. மச்சான் பின்சீட்டைத் தாண்டி டிக்கி வழியாக வெளியே வந்தார். இஸ்திரிச் சட்டை கசங்கிப்போயிருந்தது. கார் இறுகியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உரக்கச் சொன்னார்: "ஸைத். ஸைத்."

அராபியில் ஸைத் என்றால் எண்ணெய். கூட்டம் அமைதியானது. ஒருவர், "அசெய்த்தே?" என்றார். "அஸைத்தே" என்றார் மச்சான், வெற்றியோடு.

ஓடினார்கள். வீட்டுக்கு வீடு ஆலிவ் எண்ணெய் வந்தது, புட்டியில், கேனில், ஒருவர் வறுத்த மிச்சத்தை வாணலியோடு கொண்டுவந்தார். காரின் இரண்டு பக்கமும் சுவரிலும் ஊற்றித் தேய்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ள, கார் வழுக்கிக்கொண்டு சந்தைவிட்டுச் சதுக்கத்தில் போய் விழுந்தது. தள்ளியவர்களில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு மச்சான் முன்னால் வந்து நின்றார். பாக்கோ. இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். சண்டை ஞாபகம் வந்து இருவர் முகமும் இறுகியது. எண்ணெய் வழியும் கையோடு கைகுலுக்கினார்கள். பிடி நிற்காமல் வழுக்கியது.

விடியற்காலையில் பறித்த பூ பாக்கோ வீட்டில் மேசை நிறையக் குவிந்து கிடந்தது, கத்தரிப்பூ நிறத்தில். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பூவைப் பிளந்து உள்ளே இருக்கும் மூன்று சிவப்பு இழைகளை மட்டும் எடுத்துத் தட்டில் போட்டார்கள். பாக்கோவின் மனைவி பெயர் மாரி கார்மென். மாரி என்ற முதல் பாதி காதில் விழுந்ததும் பரீதா மிச்சத்தை விட்டுவிட்டு, 'மாரி, மாரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மச்சான் போனைப் பார்த்துத் தமிழில் கம்பீரமாகச் சொன்னார்: "அவர் பூவையும் என் பூவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடுவோம்." போன் அதை எப்படி மாற்றியதோ, மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் கைதட்டி, கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள்.

போட்டி முடிவானது. மீனும் காலிஃபிளவரும் போட்ட சோறு, இரண்டு பெரிய தட்டைச் சட்டிகளில். ஒன்றில் பாக்கோ பூ, ஒன்றில் மச்சான் பூ. எதில் எது என்பது சமைக்கிற மாரிக்கும் பரீதாவுக்கும் மட்டும் தெரியும். மச்சான் டப்பாவைத் தங்கையிடம் ஒப்படைத்தார். சமையலறைக் கதவு மூடியது. உள்ளே இரண்டு பெண்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது. மொழி தெரியாமல் என்ன சிரிப்பு என்று பாக்கோ என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

சந்தில் எங்களைத் தள்ளிவிட்டவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சட்டிகள் வந்தன, இரண்டும் பொன் மாதிரி. மச்சான் வலது சட்டியில் ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். இடது சட்டியில் ஒரு வாய். பாக்கோவும் அப்படியே. நீண்ட நேரம் மென்றார்கள். பிறகு ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், இருவரும் இடது சட்டியை நோக்கி.

"என்னது" என்றார் மச்சான். "என்னுடையது" என்றார் பாக்கோ. இரண்டு பேரும் மனைவியையும் தங்கையையும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே பார்த்தது. இப்போது ஒருவர் தோற்க வேண்டும். பாக்கோவின் கழுத்து சிவந்திருந்தது. மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

மாரியும் பரீதாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாரி இரண்டு கைவிரல்களையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டினாள். பரீதா உடனே தன் அண்ணனைப் பார்த்து, "ரெண்டையும் கலந்துட்டோம் காக்கா. ரெண்டு சட்டியிலயும் ரெண்டு பூவும் இருக்கு" என்றாள்.

மச்சான் மறுபடி ஒரு வாய் சாப்பிட்டார். "அதான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "தனியா என் பூவுல இந்த ருசி வராது." போன் அதைச் சரியாகவே மாற்றியது. பாக்கோ, "என் பூவிலும் வராது" என்றார். அவர் எழுந்துவந்து மச்சானின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டி வழித்தெடுக்கப்பட்டது. சாயந்திரம் வரை இருவரும் தோட்டத்தில் கைகோத்து நடந்தார்கள், ஒருவர் தமிழிலும் மற்றவர் ஸ்பானிய மொழியிலும் பேசிக்கொண்டு.

திரும்புகிற விமானத்தில் மச்சான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பரீதா என் காதருகில் சாய்ந்து உண்மையைச் சொன்னாள். குங்குமப்பூ விளைகிற வீட்டில் அதைச் சோற்றில் போடுவதில்லையாம், விற்பதற்குத்தான். மாரி எப்போதும் போடுவது ஒரு பொட்டலம் மஞ்சள் கலர்ப் பொடி. பாக்கோவுக்கே தெரியாது. அன்றும் அதைத்தான் இரண்டு சட்டியிலும் கொட்டியிருக்கிறாள். மச்சானின் டப்பாவை முகர்ந்து பார்த்து, முத்தம் கொடுத்து, தன் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பதிலுக்குத் தன் வீட்டுப் பூவில் ஒரு கைப்பிடியைப் பரீதாவின் கைப்பையில் திணித்தாள்.

"உங்க காக்காகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"அவரு சந்தோஷமாத் தூங்குறாரு. பாருங்க" என்றாள்.

இப்போது மச்சான் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு டப்பா இருக்கின்றன, ஈரான் பூ ஒன்றில், பரீதா கொண்டுவந்த பூ இன்னொன்றில். கேட்பவருக்கெல்லாம் இரண்டையும் கலந்து போடச் சொல்கிறார், கேட்காதவருக்கும் சொல்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் பாக்கோவோடு வீடியோ கால். பின்னால் மாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்க எதையோ துடைத்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார், முகம் வாடியிருந்தது. கையில் தூக்குச்சட்டி. ரூமில் அவரே சமைத்த மஞ்சள் சோறு.

"பரீதா, நானும் பாதிக்குப் பாதி போட்டுப் பாத்துட்டேன். முக்காலுக்குக் கால் போட்டுப் பாத்துட்டேன். அந்த ருசி வர மாட்டேங்குது. நீங்க ரெண்டு பேரும் என்ன அளவுல கலந்தீங்க?"

பரீதா அந்தச் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள், நிதானமாக மென்றாள்.

"கண்ணளவுதான் காக்கா" என்றாள்.